மழையும் மடையும்

திருக்குர்ஆனில் 'ஸபா' என்னும் அத்தியாயம் யமன் நாட்டு மஆரிப் அணை உடைந்து ஒரு சமூகமே சிதறிப்போன வரலாற்றைக் கூறுகிறது. அங்கே வந்த வெள்ளத்துக்கு 'ஸைலுல் அரிம்' என்று பெயர். 'ஸைல்' என்பது வெள்ளம்; அதில் எவருக்கும் ஐயமில்லை. 'அரிம்' என்பது யாது? தபரீ, குர்துபீ முதலான விரிவுரையாளர்களின் கிதாபுகளைப் புரட்டினால் ஒரு பொருளன்று, பல பொருள்கள் கிடைக்கின்றன. அணை என்பர் ஒரு சாரார். அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் என்பர் மற்றொரு சாரார். கடுமழை என்போரும் உண்டு. அணையின் அடியைக் குடைந்து பாழாக்கிய எலி என்போரும் உண்டு. எலி என்றதும் ஓதும் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். ஆனால் அச்சிரிப்பு அடங்கிய பின் எஞ்சி நிற்கும் வினா சிரிப்புக்குரியதன்று. ஒரு வெள்ளத்துக்கு மழையின் பெயரை இடுவதா, அணையின் பெயரை இடுவதா, எலியின் பெயரை இடுவதா? மழையின் பெயரை இட்டால் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறோம். அணையின் பெயரை இட்டால் கட்டியவனையும் காத்தவனையும் தேடுகிறோம். எலியின் பெயரை இட்டால், அது குடைந்துகொண்டிருந்த காலமெல்லாம் காவற்காரன் எங்கே போனான் என்று கேட்கிறோம்.

பேரிடர்க் காலத்தில் அரசுகள் ஆளும் சொற்களும், செய்தித்தாள்கள் ஆளும் சொற்களும், நம்முடைய மலர்களும் மேடைகளும் ஆளும் சொற்களும் இத்தகைய ஆராய்ச்சிக்குரியவை. ஒரு காவியத்தின் சொல்லாட்சியை எடைபோடுகிறவன் ஓர் அரசாணையின் சொல்லாட்சியை எடைபோடக் கூடாதென்று விதியில்லை. காவியத்தில் ஒரு சொல் பிழைத்தால் சுவை குன்றும். அரசாணையில் ஒரு சொல் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும்.

முதலில் நம் கடற்கரைக்கே வருவோம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 18ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அம்மாவட்டத்துக்கு ஓராண்டு முழுவதும் சராசரியாகக் கிடைக்கும் மழையைவிடக் கூடுதலானது ஒரே நாளில் காயல்பட்டினத்தில் கொட்டியது. வங்கக் கடலில் புயல் எதுவும் இல்லை. குமரிக் கடற்பரப்பின் மேல் நின்ற வளிமண்டலச் சுழற்சியே காரணம். ஆதலால் அம்மழைக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு இரு வாரம் முன்பு சென்னையைத் தாக்கிய புயலுக்கு 'மிக்ஜாம்' என்று பெயர் இருந்தது. பெயர் இருந்தமையால் நாடெங்கும் அதைப் பற்றிப் பேசுவது எளிதாயிற்று. தெற்கே பெய்ததை 'தென்மாவட்ட வெள்ளம்' என்றே கூறிவந்தோம்.

வானிலைத் துறையின் அகராதியையும் இங்கே பார்க்க வேண்டும். ஒரு நாளில் 6.5 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, 11.5ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 20.4ஐத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் சொல் இல்லை. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே பெயர், ஒரே சிவப்பு நிறம். முன்னரே எச்சரித்தோம் என்றது டெல்லி. இவ்வளவு பெய்யும் என்று சொல்லப்படவில்லை என்றது சென்னை. இருவர் வாதத்திலும் உண்மை உண்டு. இருபத்தொன்றுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எச்சரித்தவரும், எச்சரிக்கப்பட்டவரும் வெவ்வேறு பொருள் கொள்வது வியப்பன்று. அந்த இரண்டு பொருள்களுக்கும் இடையில் ஏரலும் ஆழ்வார்திருநகரியும் மூழ்கின.

மூழ்கடித்தது மழை மட்டுமா? தாமிரபரணியின் கடைமடைப் பகுதி ஆற்றுநீரை வாங்கி வைக்கும் குளங்களால் ஆனது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டே அவ்வாற்றின் கடைசி அணை. அதன் இரு பக்கத்துக் கால்வாய்களும் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கடலை நோக்கிச் செல்கின்றன. அன்று குளங்கள் உடைந்தன. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் நீர் பாய்ந்தது. குளம் உடைந்த வெள்ளம் 'அரிம்' என்னும் சொல்லின் முதற்பொருளைச் சேர்ந்தது. கரையின் வலிமை என்ன, மண் எவ்வளவு தூர்ந்திருந்தது, மிகை நீர் வெளியேறும் வழியில் யார் வீடு கட்ட இசைவு பெற்றார்கள், இசைவு கொடுத்தவர் யார் என்பனவெல்லாம் மனிதர் கணக்கில் சேர்வன. ஆனால் அறிக்கைகள் அனைத்திலும் ஒரே தலைப்புதான்: 'இயற்கைப் பேரிடர்'. 'இயற்கை' என்னும் நான்கெழுத்து இத்தனை பேரின் கையொப்பத்தையும் மூடிவிடுகிறது.

அதன் பின்னர் எழுந்த சொற்போரை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. இதனைத் தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டுமென்று மாநில அரசு கேட்டது. அவ்வாறு அறிவிக்கும் நடைமுறையே இல்லை, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக்கூட அவ்வாறு அறிவிக்கவில்லை என்று ஒன்றிய நிதி அமைச்சர் டிசம்பர் 22ஆம் நாள் விடையிறுத்தார். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டியில் ஏறத்தாழ 800 பயணிகள் நீர் சூழ நின்று, அவர்களுட் பலர் இரண்டு நாட்களுக்குப் பின்னரே மீட்கப்பட்ட வாரத்தில், நாட்டின் தலைநகரிலும் மாநிலத்தின் தலைநகரிலும் நடந்த வாதம் ஒரு பெயரடையைப் பற்றியதாக இருந்தது. அப்பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் அருகிலுள்ள புதுக்குடி மக்கள். அவர்கள் வீட்டிலும் வெள்ளம்.

மாநில அரசு உதவித்தொகை வழங்கியது. அதை மறைப்பது நன்றியன்று. பாதிப்பு மிகுந்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6000 ரூபாய், குறைந்த வட்டங்களில் 1000 ரூபாய், குடும்ப அட்டையின் பேரில். ஆனால் இந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். பாதிக்கப்பட்டது யார்? வட்டம். வட்டாட்சியர் வரைந்த எல்லைக்கோடு மேட்டையும் பள்ளத்தையும் அறியாது. மாடி வீட்டில் இருந்து நீரை வேடிக்கை பார்த்தவருக்கும், கழுத்தளவு நீரில் குழந்தையைத் தலையில் சுமந்து நின்றவருக்கும் ஒரே வட்டம், ஒரே தொகை. எல்லைக்கு அப்பால் பத்தடியில் குடிசை இழந்தவர் வேறு தொகைக்கு உரியவர். விரைந்து கொடுக்க வேண்டுமானால் இப்படித்தான் கொடுக்க முடியும் என்பர் அதிகாரிகள். அது ஓரளவு மெய்தான்.

ஆனால் இதே கடற்கரையில் அரசு எவ்வளவு நுணுக்கமாக எண்ணவல்லது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. முத்துக்குளிப்பு நடந்த நாளில் ஒவ்வொரு தோணியின் சிப்பிகளும் கரையில் கொட்டப்பட்டு எண்ணப்படும். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிகளுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். பரதவரும் நம்மவரும் மூச்சை அடக்கி மூழ்கி எடுத்த சிப்பிகளில் ஒன்றுகூடக் கணக்குத் தப்பவில்லை. தூத்துக்குடிப் பார்களில் கடைசிக் குளிப்பு 1961இல் நடந்தது. வாங்க வேண்டிய இடத்தில் சிப்பி சிப்பியாக எண்ணத் தெரிந்த கை, கொடுக்க வேண்டிய இடத்தில் வட்டம் வட்டமாக எண்ணுகிறது.

வட்டத்துக்குள்ளும் எண்ணில் அடங்காதவர் உண்டு. தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி மிதித்து உப்பு வாரும் தொழிலாளர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் பெண்கள் ஏராளம். மழைக் காலத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. அதற்கென ஆண்டுக்கு 5000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அண்மைக் காலத்தில் ஏற்படுத்தியது, நல்ல செயல். ஆனால் வெள்ளம் உப்புக் குவியல்களைக் கரைத்தபோது இழப்பின் கணக்கு டன் கணக்கில், உரிமையாளர் பெயரில் எழுதப்பட்டது. பாத்தியைத் திரும்பச் சீராக்கும் வரை கூலியின்றி இருந்தவளின் நாட்கள் எந்தக் கலத்தில் எழுதப்படும்? பொருள் உடையவனுக்கே இழப்பு உண்டு என்பது நிவாரண இலக்கணத்தின் எழுதா விதி. உடைமை இல்லாதவன் எதையும் இழக்க முடியாதாம்!

இவ்விதி 2004 டிசம்பர் 26க்குப் பின் இன்னும் அப்பட்டமாக வெளிப்பட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். படகும் வலையும் இழந்தவர் பட்டியல் முதலில் எழுந்தது. கரையில் கூலிக்கு உழைத்தவரும், மீனைத் தலைச்சுமையாக விற்றவரும், வயற்கூலிகளும் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். தலித் மக்கள் சில முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், அழுகிய சடலங்களை அகற்றப் பிற ஊர்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டதும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியுள்ளன. கடல் சாதி பார்த்து வரவில்லை என்று அந்நாளில் எழுதாத ஏடில்லை. கடல் பார்க்கவில்லை, மெய்தான். முகாமின் வாயிலில் நின்றவர்கள் பார்த்தார்களே! கடலைப் புகழ்ந்து எழுதிய பத்திகள் அவ்வாயிலைக் கடந்து உள்ளே போகவில்லை.

இனம் பார்த்து அளக்கும் இந்த அளவுகோல் புதிதன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது, இந்திய அரசு சர் ரிச்சர்ட் டெம்பிளைத் தென்னாட்டுக்கு அனுப்பியது. செலவைக் குறைப்பது அவர் பணி. நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டுத் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அவர் அளவிட்டார். நம் கணக்கில் அது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இது உழைக்கும் உடம்பைச் சாகடிக்கும் அளவு என்று எதிர்த்து எழுதினார். அவரும் வெள்ளையரே, ஆதலால் வெள்ளையர் எல்லாரும் ஒன்று என்று நாம் எழுதமாட்டோம். சில திங்கள் கழிந்து கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனை உயிர்கள்! பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணிப்பு. அவ்வாண்டுகளில் இலங்கைக் காப்பித் தோட்டங்களை நோக்கித் தென்கரைத் துறைகளில் மக்கள் கூட்டங் கூட்டமாகத் தோணி ஏறினர். இந்தியனின் வயிறு இவ்வளவே கொள்ளும் என்று தீர்மானித்த கூலிப்பட்டியலில் 'இனம்' என்னும் சொல் எங்கும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

சொல் இல்லாமலே செயல் நடப்பதற்கு நம் காலத்துச் சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. 2005 ஆகஸ்டு 29இல் காத்ரீனா என்னும் சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை அடுத்துக் கரை கடந்தது. நகரை அழித்தது காற்றன்று. இராணுவப் பொறியாளர் துறை கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர்கள் பெயர்ந்து விழுந்தன; நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. வடிவமைப்பில் குறை இருந்ததை அத்துறையே மறு ஆண்டில் ஒப்புக்கொண்டது. மீண்டும் 'அரிம்'! கார் உள்ளவர்கள் முன்னரே வெளியேறிவிட்டார்கள். இல்லாதவர்கள் தங்கினார்கள். அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பு மக்கள்.

அந்நாட்களில் வெளியான இரண்டு படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. இரண்டிலும் மார்பளவு நீரில் கடைப் பொருள்களோடு நடந்து வருகிறார்கள். கறுப்பு இளைஞனின் படத்துக்கு அடியில் அவன் கடையைக் கொள்ளையடித்து வருவதாக எழுதப்பட்டிருந்தது. வெள்ளையர் இருவரின் படத்துக்கு அடியில் அவர்களுக்கு ரொட்டி கிடைத்ததாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவை வெவ்வேறு நிறுவனங்கள். தாம் கண்டதையே எழுதினோம் என்று படமெடுத்தவர்கள் விளக்கமும் கூறினார்கள். ஆயினும் ஒருவன் கொள்ளையடிக்கிறான், மற்றவருக்குக் கிடைக்கிறது. வினைச்சொல்லில்தான் நிறம் இருக்கிறது. சொந்த நாட்டுக் குடிமக்களையே 'அகதிகள்' என்று எழுதினார்கள். அம்மக்கள் எதிர்த்த பின்னரே பல ஏடுகள் அச்சொல்லைக் கைவிட்டன. பின்னர் லூசியானா மாநிலம் வீடு கட்ட உதவி வழங்கியது. பழுது பார்க்கும் செலவு, புயலுக்கு முந்திய வீட்டு விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கு. கறுப்பு மக்கள் வாழும் தெருவில் அதே அளவு வீட்டுக்கு விலை குறைவு. ஆகவே அதே அளவு இடிபாட்டுக்கு உதவியும் குறைவு. வழக்குத் தொடுத்தார்கள், 2011இல் உடன்பாடு ஏற்பட்டது.

கொள்ளை என்ற சொல்லைக் கேட்கும்போது நமக்கு ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. மழையின்றி மண் சாம்பலாய்ப் பறந்தமையால் அதனை 'ஆமுர் ரமாதா', சாம்பல் ஆண்டு, என்பர். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் மக்களின் பசி தீரும் வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று உறுதி பூண்டதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அவ்வாண்டில் அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்ததை அவ்வளவாகக் கேட்பதில்லை. இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவான மற்றொரு வழக்கு இன்னும் கூர்மையானது. ஹாத்திப் குடும்பத்து அடிமைகள் முஸைனா கோத்திரத்தார் ஒருவரின் பெண் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டார்கள். தண்டனை விதிக்கப்படவிருந்த நிலையில், உமர் (ரலி) அவர்களின் பார்வை எசமானர் மேல் திரும்பியது. நீர் இவர்களைப் பட்டினி போடுகிறீர் என்றே எண்ணுகிறேன் என்னும் கருத்துப்படக் கூறி, ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்றறிந்து, அதன் இருமடங்கை எசமானர் கொடுக்குமாறு தீர்ப்பளித்தார்கள். பசித்தவனுக்குச் சூட்டிய பெயரை எடுத்துப் பசிக்க வைத்தவன் மேல் வைத்த தீர்ப்பு அது. அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்கு முவத்தா தெரியாது போகலாம். தெரிந்த நாம் அதனை எங்கே பயன்படுத்தினோம்?

இங்கே நம்மவர் சம்பந்தப்பட்ட ஒரு கசப்பான விவகாரத்தைக் கூறாமல் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என அக்கடற்கரையில் முஸ்லிம் ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. 2005 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் நிவாரணத்தைப் பகிர்ந்து நடத்த ஓர் உடன்படிக்கை செய்தபோது, இத்தனை பேரை இழந்த முஸ்லிம்கள் அதில் ஒப்பமிடும் தரப்பாக இல்லை. அதன் சில பகுதிகளை உச்ச நீதிமன்றம் மறு மாதமே நிறுத்திவைத்தது. கரையோரத்தில் வீடு கட்டலாகாத எல்லை தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. நெருக்கமான கிழக்குக் கரையில் அதன் பொருள், திரும்பிச் செல்ல இடமில்லை என்பதே.

சவூதி அரேபியாவின் பொருளுதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் எழுந்தன. பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கென்று கட்டப்பட்டவை. ஓரினத்துக்கு மட்டும் கொடுக்கலாகாது என்று வழக்கு வந்தது. நாட்டின் இன விகிதப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன, புதர் மண்டியது. அரசு நிலத்தில் ஒரு சமூகத்துக்கு மட்டும் என்று எழுதியது முறையா என்ற கேள்வியை நாம் ஒதுக்கிவிடவில்லை. இழப்பின் பெயரால் எழுதியிருந்தாலும் அவ்வூரில் பெரும்பகுதி அவர்களுக்கே கிடைத்திருக்கும். ஆனால் ஒரு நாட்டின் மக்கள்தொகை விகிதத்தைக் கொண்டு ஒரு கடற்கரையின் காயத்தை அளப்பது என்ன நியாயம்? அலை விகிதாசாரப்படியா கொன்றது? இரு தரப்பும் 'இனம்' என்ற கலத்தை நிரப்பின. 'வீடிழந்தவர்' என்ற கலம் காலியாயிற்று.

இனி நம் பக்கங்கள். வெள்ளத்துக்குப் பின் சமுதாய மலர்கள் சில வெளிவந்தன. கொடையாளர் படங்கள், அதிகாரிகளுக்குப் பொன்னாடை, வாங்குவோர் கைநீட்டி நிற்கும் காட்சி. கொடுத்தவர்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, தந்தை பெயரும் உண்டு. வாங்கியவர் 'பயனாளிகள்'. செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்கள் பல நாட்கள் தங்கி உண்டதை ஏடுகள் வியந்து எழுதின. நமக்கும் பெருமைதான், பள்ளிவாசல் அதற்கன்றி வேறெதற்கு? ஆயினும் 'மத நல்லிணக்கம்' என்ற தலைப்பை இட்டவுடன், அக்குடும்பங்கள் அத்தனை நாள் பள்ளிவாசலில் ஏன் தங்க நேர்ந்தது, வெள்ளக் காலத்துக்கென அரசு ஒதுக்கிய பாதுகாப்பிடம் எங்கே இருந்தது என்ற கேள்விகள் தலைப்புக்கு வெளியே நின்றுவிட்டன. நல்லிணக்கம் அழகிய சொல். அழகிய சொல்லுக்கும் மூடும் தன்மை உண்டு.

மிம்பர்களில் ஒலித்தது 'சோதனை' என்ற சொல். சோதனை என்பதை மறுப்பவன் முஸ்லிமல்லன். ஆனால் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதறிந்து உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதும், ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் விடை கிடைத்ததும் ஆலிம்கள் அறியாததன்று. மழை விதியென்றால் மதகைச் செப்பனிடுவதும் விதிக்குள்ளேதான் இருக்கிறது.

அடுத்த மலர் அச்சேறும் முன் ஒரு பணி செய்யலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு தாள் எழுதினால் போதும். கோரம்பள்ளம் குளமும் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழுள்ள மற்றக் குளங்களும் கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டன, எவ்வளவு செலவு, யார் ஒப்பந்தக்காரர், 2023 டிசம்பரில் எந்தக் கரை எத்தனை அடி உடைந்தது, இன்று எந்நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். மதரஸாவின் மேல் வகுப்புப் பிள்ளைகள் அழகிய கையெழுத்தில் எழுதித் தருவார்கள். விடை வந்ததும் கொடையாளர் படங்களுக்கு முந்திய பக்கத்தில் அதனை அச்சிடுக.